மணி அடிக்காத சாவு

என் மருமகனின் படத்துக்குப் போட்ட மாலையை அவனைப் பெற்றவளே மேடையேறிப் பிடுங்கி எறிந்தாள். எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தம் முடிந்து அடுத்த டிசம்பரில், தூத்துக்குடியில் எங்கள் மாதா கோயில் வளாகத்தில் நடந்த கூட்டம் அது. எங்கள் கடற்கரையிலிருந்து ராணுவத்துக்கும் கப்பற்படைக்கும் போய்த் திரும்பாதவர்களுக்காக ஒரு கறுப்புக் கல் நாட்டியிருந்தார்கள். ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் ஒலிபெருக்கியில் பேசினார். எதிரியின் கப்பலைக் குறிபார்த்துக் கடைசி மூச்சு வரை பீரங்கியை இயக்கிய வீரன் என்று என் மருமகனைச் சொன்னார். ஜனங்கள் கை தட்டினார்கள்.

அவன் பீரங்கி இருக்கிற பக்கமே போனதில்லை. கப்பலில் சமையல்காரன். முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் சப்பாத்திக் கல்லில் சுட்டுக்கொண்ட தழும்புகள். லீவில் வந்தால், "மத்தவன்லாம் எதிரியைச் சுடுவான், நான் சப்பாத்தி சுடுதேன் மாமி" என்று தானே சொல்லிச் சிரிப்பான். எங்கள் வீட்டில் சப்பாத்தியைக் கண்ணில் காட்டக் கூடாது. பழைய சோறும் சாளைக் கருவாடும் போதும். என் வீட்டுக்காரரோடு சீட்டாடுவான், வெட்கமே இல்லாமல் ஏமாற்றுவான், பிடிபட்டால் அதற்கும் சிரிப்பான். தெருவில் மாடு நின்றால் சுற்றிக்கொண்டு வருவான். கப்பற்படைக்காரன் மாட்டுக்குப் பயப்படுகிறானே என்று என் மகள் கேலி செய்தால், "கடல்ல மாடு கிடையாதுளா" என்பான். எனக்கு அவனை முழுதாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். கையில் எது இருந்தாலும் செலவழிப்பவன். நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்பதால் என் முன்னால் வேண்டுமென்றே தப்புத் தப்பாக இங்கிலீஷ் பேசுவான். ஆனால் அவன் வந்தால் வீட்டில் சத்தம் இருந்தது.

மேடையில் ஒலிபெருக்கிக்காரர் பீரங்கியை விட்டுவிட்டுப் பாரத மாதாவுக்கு வந்தபோதுதான் சம்பந்தியம்மாள் ஏறினாள். குள்ளமான, கறுத்த, கருவாடு விற்கிற பெண்பிள்ளை. தடுக்கப் போன கமிட்டிக்காரரின் கையைத் தட்டிவிட்டாள்.

"யாருக்குலே மாலை போடுதிய? உசுரோட இருக்கவனுக்கா? இந்தா, உன் கழுத்துல போட்டுக்க."

மாலை அந்தப் பெரிய மனிதரின் செருப்பில் விழுந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்தார். பெண்கள் அவளை இழுத்தார்கள். என் மகள் முன்வரிசை நாற்காலியில், கமிட்டிப் பெண்கள் கொண்டுவந்து உடுத்திவிட்ட வெள்ளைச் சேலையில், தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் எனக்கு எல்லார் மேலும் வெறுப்பு வந்தது. பீரங்கி சொன்னவன் மேல், வெள்ளைச் சேலை கொண்டுவந்தவர்கள் மேல், எல்லாரையும் விட மாலையைப் பிடுங்கியவள் மேல். ஒரு கூட்டத்தார் என் மகளை விதவை ஆக்குகிறார்கள், இன்னொருத்தி ஆக விட மாட்டேன் என்கிறாள். பிள்ளை எங்கே போவாள்?

கல்லில் அவன் பேர் வெட்டப்படவில்லை. பெற்றவள் சம்மதிக்காமல் வெட்டினால் உளியைப் பிடுங்குவாள் என்று பயந்து, அவனுக்கான இடத்தை அப்படியே விட்டுவைத்தார்கள்.

அவன் இருந்த கப்பல் மேற்கே அரபிக் கடலில் மூழ்கியது. தந்தி வந்தது. உடல் வரவில்லை. சம்பந்தியம்மாளின் ஊர் தெற்கே, திருச்செந்தூர் பஸ்ஸில் போய் இறங்கி மணலில் நடக்க வேண்டிய கடற்புரம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் கோயிலில் சாவு மணி அடிக்க மாட்டார்கள். உடல் ஒதுங்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் உடம்பில் இருந்த ஏதாவது ஒன்றையாவது கடல் திருப்பித் தர வேண்டும். ஒரு துணி, ஒரு ஜெபமாலை, அரைஞாண் கயிறு. அது வரும்வரை அவனுக்காகப் பூசை கிடையாது, அவன் பெண்டாட்டி தாலியைக் கழற்ற மாட்டாள். காற்றில் இலங்கைக்கு அடித்துக்கொண்டு போய், மணி அடித்தாகிவிட்ட பிறகு உயிரோடு வந்து நின்றவர்கள் அந்தக் கரையில் இருந்திருக்கிறார்கள். அதனால் வந்த வழக்கம்.

வள்ளத்தில் போனவனுக்கு அது சரி. குண்டு பட்டு மூழ்கிய இரும்புக் கப்பலில், அடித்தட்டில் அடுப்புப் பக்கத்தில் நின்றவனுக்கு? இதைச் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். "பாகிஸ்தான் செயில்ல இருக்கான். சமையக்காரனைக் கொல்ல மாட்டான், அவனுக்கும் சோறு வேணும்லா" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் தெரியும். அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

என் மகள் எங்கள் வீட்டில் இருந்தாள். தாலி போட்டிருந்தாள். பூ வைக்கவில்லை. தெருவில் ஒருத்தி "பாவம்" என்பாள், இன்னொருத்தி "மாப்பிள்ளையைப் பத்தித் தகவல் உண்டுமா?" என்பாள். இரண்டு பேரையும் எனக்குக் கன்னத்தில் அறையத் தோன்றும். இப்படியே வருஷங்கள் போயின. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிறகு அவளுக்கு யார் என்கிற கேள்வி, வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட என் நெஞ்சில் வந்து உட்காரும். சாக்குக்கட்டியைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். பிள்ளைகள் சிரிக்கும்.

அப்போதுதான் ஒரு நல்ல இடம் வந்தது. புதுத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருவர், எங்கள் ஆட்கள்தான், மனைவியைப் பறிகொடுத்தவர், என் மகளைக் கோயிலில் பார்த்து விசாரித்திருக்கிறார். அவளிடம் கேட்டேன். "சரி" என்றாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை, ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டதைப் பார்த்தேன்.

பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் தாடையைத் தடவினார்.

"உடல் இல்லை, அடக்கம் இல்லை. ஆயர் இல்லத்துல இருந்து அனுமதி வாங்காம நான் கல்யாணம் மந்திரிக்க முடியாது. தந்தியை அனுப்பலாம். ஆனா அவங்க முதல்ல கேக்குறது, பையனோட வீட்டுல என்ன சொல்லுதாங்கன்னுதான். அந்தம்மா ஊர் முழுக்க உயிரோட இருக்கான்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போது நான் என்ன எழுத?"

"அவ பைத்தியம் சாமி" என்றேன்.

"பைத்தியம்னு எழுதவா?"

நானே அந்தக் கடற்புரத்துக்குப் போனேன். அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"என்ன மைனி, படிச்சவிய இந்த நாத்தத்துக்கு வந்திருக்கீய?"

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். பிள்ளைக்கு வாழ்க்கை இருக்கிறது, ஒரு வார்த்தை சாமியாரிடம் சொன்னால் போதும் என்றேன்.

"என்ன வார்த்தை? எம் மவன் செத்தான்ங்குற வார்த்தையா? உன் மவளுக்கு மாப்பிள்ளை வேணும்னா எம் மவனைக் கொல்லணுமோ?"

"கொன்னது நானா? கப்பலோட போனான். ஊரே சொல்லுது, கவர்மெண்டு சொல்லுது."

"கவர்மெண்டு பீரங்கி சுட்டாம்னும் சொல்லுதான். அதுவும் நெசமா?"

வந்த கோபத்தில், அவள் மகன் லீவில் வந்தால் முக்கால்வாசி நாள் எங்கள் வீட்டில்தான் கிடந்தான், பெற்றவளைப் பார்க்கப் பஸ்ஸுக்குச் சோம்பல்பட்டான் என்று சொல்லிவிட்டேன். அவள் கையில் இருந்த கருவாட்டை என் காலடியில் எறிந்தாள். "போ" என்றாள். "நீ சாவுற அன்னைக்கு மணி சத்தம் உன் காதுல விழட்டும்." நான் மணலில் நடந்து பஸ்ஸுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் பழைய துறைமுகத்தில் சரக்கு எண்ணி ஏற்றி இறக்கும் இடத்தில் கிளார்க். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். நான் வந்து சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தார். நானும் அதற்கு மேல் கவனிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கடற்புரத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்தான். கடல் தந்துவிட்டது என்றான். ஒரு வள்ளக்காரனின் வலையில் கப்பற்படை பெல்ட் ஒன்று வந்திருக்கிறது, மேற்குக் கடலில் இருந்து நீரோட்டம் கொண்டுவந்திருக்க வேண்டும், பித்தளைப் பூட்டில் நங்கூர அடையாளம், பூட்டெல்லாம் பச்சை பூத்திருக்கிறது, ஆத்தாக்காரி அதை மடியில் போட்டுக்கொண்டு விழுந்து கிடக்கிறாள், மணி அடித்தாயிற்று, உடனே வாருங்கள்.

அழுதேன். நான் அழுதது அவன் செத்துப்போனதற்காகத்தான், அதைத் தெளிவாகச் சொல்கிறேன். அத்தனை வருஷம் அவளோடு சண்டை போட்டுப் போட்டு, அவனுக்காக அழாமலே இருந்திருக்கிறேன். மூன்று பேரும் பஸ் ஏறினோம். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வீட்டில் கூட்டம். அவள் தரையில் கிடந்தாள். என் மேல் கருவாட்டை எறிந்த பெண்பிள்ளை இவள்தானா என்று இருந்தது. முடி அவிழ்ந்து, குரல் போய், கன்னம் மணலாய் இருந்தாள். என் மகளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டான்ளா. கடல்ல இருந்து வந்துட்டான். நீ பாரு. நான் உன்னைக் கட்டி வச்சுட்டேனே, பாவி. பாரு."

பெல்ட்டை நீட்டினாள். என் மகள் வாங்கினாள். பூட்டை விட்டுவிட்டு, கித்தான் பட்டையைத் திருப்பி, கடைசித் துளைக்கு அப்பால் இருந்த ஒரு துளையில் விரலை வைத்தாள். அது மற்றவை மாதிரி வட்டமாக இல்லை, ஓரம் கருகி இருந்தது. அவன் கடைசி லீவில் தடித்துப்போய் வந்திருந்தான். எங்கள் குசினியில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அவள்தான் அந்தத் துளையைப் போட்டாள். அப்படியும் இறுக்குகிறது என்று அவன் அந்தப் பெல்ட்டை அவளிடமே விட்டுவிட்டு, இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன் என்று போனான். அது அவள் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. எனக்கும் அது நினைவில் வந்தது, ஆனால் அவளுக்குப் பிறகுதான்.

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். மணி அடித்தாயிற்று. தாய் ஒத்துக்கொண்டாயிற்று. சாமியார் எழுதுவார், அனுமதி வரும். நான் அவளைப் பார்த்தேன், பேசாதே என்று கண்ணால் கெஞ்சினேன். எனக்கு அப்போது வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

"மாமி" என்றாள் என் மகள். "இது கடல்ல இருந்து வரலை. எம் பெட்டியில இருந்தது. எங்கப்பா எடுத்திருக்காவ."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வலையில் கிடைத்தது என்று சொன்ன வள்ளக்காரன் கூட்டத்திலிருந்து நழுவப் பார்த்தான், அவனைப் பிடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரை அடிக்கக் கை ஓங்கினார்கள். சம்பந்தியம்மாள்தான் தடுத்தாள். எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, நீர் நல்ல மனுசன்னு நெனச்சேன். எம் பிள்ளைக்கு மணி அடிக்க வச்சுட்டீரே. உசுரோட இருக்கவனுக்கு அழ வச்சுட்டீரே."

"எம் மவளுக்காகச் செஞ்சேன்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

"உம்ம மவளைக் கூட்டிக்கிட்டு வெளிய போம்."

நான் மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை.

"நீங்க போங்கம்மா. நான் வரலை."

"இங்கன இருந்து என்ன செய்யப் போற? உன்னையும் சேத்துத் திட்டுவாளுவ."

"திட்டட்டும். ஒரு ஆளாவது மாமி கூட இங்கன உக்காரணும்."

பஸ்ஸில் திரும்பும்போது நான் என் வீட்டுக்காரரை விடவில்லை. பொண்டாட்டி புருஷனை அப்படிப் பேசக் கூடாது என்று முன்சீட்டுக்காரர் திரும்பிச் சொல்லும் அளவுக்குப் பேசினேன். அவர் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார். "பின்ன என்ன செய்யச் சொல்லுத? நீ போயி சண்டை போட்ட. சாமி அந்தம்மா வார்த்தை இல்லாம எழுத மாட்டேங்காவ. கடல் தரலை. நான் தந்தேன்." பித்தளை பச்சை பூக்க அதை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாமல், எங்கேயோ உப்பளத்தில். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதர். அவர் செய்தது எனக்குக் கோபமா, பிடிபட்டதுதான் கோபமா என்று இன்றைக்குக் கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்.

என் மகள் அங்கேயே இருந்தாள். நான் அந்தக் கடற்புரத்திலிருந்து வருகிறவர்களையெல்லாம் விசாரித்தேன். கருவாடு உலர்த்துகிறாளாம், இரண்டு பேரும் ஒரே பாயில் படுக்கிறார்களாம். பேசிக்கொள்கிறார்களா என்று கேட்டால், "ரெண்டு பேரும் அவனைப் பத்தித்தான் பேசுதாவ, சிரிக்காவகூட" என்றாள் ஒருத்தி. எனக்கு அது நல்லதாகப் படவில்லை. அந்தப் பைத்தியம் இவளுக்கும் ஒட்டிக்கொள்ளும், இவளும் பாகிஸ்தான் ஜெயிலைப் பார்த்துக்கொண்டு கிழவியாவாள் என்று பயந்தேன். துறைமுகத்து மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தேன். என் வீட்டில் மருமகன் பேரைச் சொன்னால் அழுகை வரும் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. அங்கே போய் அவள் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், அவர் அறையில் என் மகளும் சம்பந்தியம்மாளும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இடம் விடவில்லை. நான் நின்றேன்.

சாமியார் கேட்டார்: "அம்மா, உங்க மகன் இறந்துட்டார்னு நீங்க ஒத்துக்கிடுதீங்களா?"

"இல்ல சாமி. அதை நான் சொல்ல மாட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். சாமியார் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஆனா இவ போறதை நான் தடுக்கலை. இவ எங்கிட்ட வந்து, 'அவன் செத்துட்டாம்னு நான் நெனைக்கேன் மாமி, நீங்க நெனைக்க வேண்டாம்'னு சொன்னா. ஏமாத்தாமச் சொன்னா. இவ நெனைப்பு இவளுக்கு, எம் நெனைப்பு எனக்கு. ஆயர் ஆண்டவரு ஆள் அனுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்."

"இது போதும்னுதான் நெனைக்கேன்" என்றார் சாமியார். "எழுதுதேன்."

"ஒண்ணு இருக்கு சாமி." சம்பந்தியம்மாள் முதல் முறையாக என் பக்கம் திரும்பினாள். "இவளை நான் கொடுப்பேன். எம் வீட்டுப் பிள்ளை, எம் வீட்டுல இருந்து போவா. பீடம் வரைக்கும் நான் கூட்டிட்டுப் போவேன். கள்ளத்தனம் பண்ணவிய பின்னால இருக்கட்டும்."

நான் பெற்று வளர்த்த பிள்ளை. என் மகளைப் பார்த்தேன். "நான் சம்மதிச்சுட்டேன்மா" என்றாள். மென்மையாகக்கூடச் சொல்லவில்லை.

அனுமதி வரச் சில மாதம் ஆயிற்று. மாப்பிள்ளை பொறுத்துக்கொண்டார். கல்யாணம் எங்கள் கோயிலில் காலைப் பூசையில் நடந்தது. கருவாட்டு வாடை போகாத கையால் சம்பந்தியம்மாள் என் மகளைக் கையைப் பிடித்து நடுவழியே கூட்டிக்கொண்டு போனாள். பழைய தாலியை அவள்தான் முந்தின நாள் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாளாம். அவன் திரும்பி வந்தால் கொடுக்க வேண்டும் என்றாளாம். நானும் என் வீட்டுக்காரரும் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தோம். எனக்குப் பீடம் பாதிதான் தெரிந்தது. ஊர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லில் பேர் வெட்டலாமா என்று கமிட்டிக்காரர்கள் பிறகும் அவளிடம் போனார்கள். விரட்டிவிட்டாள். எனக்கு இப்போது அந்தக் கல்லைப் பற்றி அக்கறை இல்லை. அதில் இருக்கிற மற்றப் பேர்களுக்கும் ஒருவேளை பீரங்கிதான் கொடுத்திருப்பார்கள். யாருக்குத் தெரியும், ஒருத்தன் துணி துவைத்திருக்கலாம், ஒருத்தன் கணக்கு எழுதியிருக்கலாம். அவனைப் பற்றி, அவன் சீட்டில் ஏமாற்றுவதைப் பற்றி, மாட்டுக்குப் பயந்ததைப் பற்றி உட்கார்ந்து பேச எனக்கு ஆள் வேண்டும் என்று சில நாள் தோன்றும். என் மகளிடம் பேச முடியாது, அவளுக்கு இப்போது வேறு வீடு. என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். மிச்சம் இருப்பது அந்தப் பெண்பிள்ளைதான்.

அன்றைக்குக் கல்யாணம் முடிந்து வெளியே வந்தபோது அவளிடம் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. நன்றி சொல்வதற்கு இல்லை, அது மட்டும் நிச்சயம். அவள் சாப்பாட்டுக்கு நிற்காமல், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"மைனி" என்றேன்.

"பிள்ளையைக் கொடுத்தாச்சு" என்றாள், நிற்காமலே. "இனிமே எனக்கும் உனக்கும் என்ன இருக்கு?"

"சாப்பிட்டுட்டுப் போகலாம்லா."

"உன் சோறு எனக்கு வேண்டாம்."

நான் வாசல் வரை பின்னால் போனேன். அவள் திரும்பவில்லை. ரோட்டைத் தாண்டி, திருச்செந்தூர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.